பூசத்துக்கு நடக்கப் போறீங்களா? "டேட் தள்ளிப்போடற மாத்திரை" பத்தி முதல்ல இதைப் படிச்சுடுங்க

ஓம் சரவணபவ.

ஐப்பசி பொறந்தா ஒரு தடவை, தை பொறந்தா ஒரு தடவை, நம்ம குழுவுல இருக்கற பொண்ணுங்ககிட்ட இருந்து எனக்குத் தனியா மெசேஜ் வரும். வார்த்தை மாறும், கேள்வி ஒண்ணுதான். "அக்கா, சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கணும்னு வேண்டியிருக்கேன், நடுவுல டேட் வருது. மாத்திரை போட்டுக்கலாமா? எத்தனை போடணும்?" குழுவுல வெளிப்படையா யாரும் கேக்கறதில்லை. அம்மாகிட்ட கேட்டா "மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கோ"ன்னு சொல்லிடறாங்க. மெடிக்கல்ல அட்டையை பேப்பர்ல சுத்தி, ஏதோ தப்பு காரியம் மாதிரி கையில குடுத்துடறாங்க. எப்படிப் போடணும், யார் போடக் கூடாதுன்னு யாரும் சொல்றதில்லை.

நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர்ல கோடு எழுதற வேலை. அதனால இந்தக் கட்டுரையை மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. டாக்டர் முன்னாடி போய் உக்காரும்போது என்ன சொல்லணும், என்ன கேக்கணும்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்காகத்தான் எழுதறேன். பசங்களும் படிங்க. பாதயாத்திரைக் குழுவுல கூட வர்ற தங்கச்சிக்கு நடுவழியில கால் வீங்கினா என்ன பண்றதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஒவ்வொரு மாசமும் சினைப்பையில இருந்து ஒரு முட்டை வெளியே வருது. முட்டை வெளியேறின இடத்துல ஒரு சின்ன மஞ்சள் திசு உருவாகி, புரோஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். கர்ப்பப்பையோட உள்பக்கத்துல குழந்தைக்காக விரிச்சு வெச்ச மெத்தை மாதிரி ஒரு படலம் இருக்கே, அதைக் கலையாம பிடிச்சு வெச்சிருக்கறது இந்த ஹார்மோன்தான். கரு தங்கலேன்னா ஏறக்குறைய ரெண்டு வாரத்துல அந்தத் திசு வாடிப்போகும். புரோஜெஸ்டிரோன் அளவு சடார்னு இறங்கும். படலத்துக்குப் போற சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும், படலம் உதிரும். அதுதான் மாதவிடாய்.

அப்போ மாதவிடாயைக் கொண்டு வர்றது புரோஜெஸ்டிரோன் இல்லை, புரோஜெஸ்டிரோனோட இறக்கம். இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கோங்க. இயற்கையா அளவு இறங்கறதுக்கு முன்னாடியே வெளியில இருந்து அதே மாதிரி ஒரு ஹார்மோனை மாத்திரையா குடுத்துட்டே இருந்தா படலம் நிக்கும். மாத்திரையை நிறுத்தினா அளவு இறங்கும், ரெண்டு மூணு நாள்ல உதிரப்போக்கு ஆரம்பிக்கும். அலாரத்தை ஸ்னூஸ் போடற மாதிரிதான். அலாரம் ரத்தாகலை, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.

பிசிஓஎஸ் இருக்கற ஒரு தங்கச்சி கேட்டா: "எனக்கு மூணு மாசமா வரலைன்னு டாக்டர் இதே மாத்திரையைத்தானே குடுத்தாங்க? வரவைக்கவும் இதே, தள்ளிப்போடவும் இதேவா?" ஆமாம், இதேதான். அவளுக்குச் சில நாள் குடுத்து நிறுத்தினாங்க. நிறுத்தினதால வந்துச்சு. எப்போ ஆரம்பிக்கறோம், எப்போ நிறுத்தறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

இதுக்கு அதிகமா எழுதிக் குடுக்கற மருந்தோட பேர் நோரெதிஸ்டிரோன். ப்ரிமோலுட் என், ரெஜெஸ்ட்ரோன்னு வெவ்வேறு கம்பெனி பேர்ல கிடைக்கும். இந்த மருந்துக்கு ஒரு கதை இருக்கு, நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும்னு சொல்றேன். 1951 அக்டோபர் 15ம் தேதி, மெக்சிகோ நகரத்துல சின்டெக்ஸ்னு ஒரு கம்பெனியோட ஆய்வகத்துல இதை முதல்ல உருவாக்கினாங்க. கையால செஞ்சு முடிச்சவர் லூயிஸ் மிராமான்டஸ்ங்கற 26 வயசு பையன். வழிகாட்டினவங்க கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ். மூலப்பொருள் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மெக்சிகோ காட்டுல விளையற ஒரு கிழங்குல இருந்து. நம்ம வள்ளிக்கிழங்கு இருக்கே, தாவரவியல்ல அதே டயாஸ்கோரியா இனம். வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடைச்ச குழந்தைங்கறதாலதான் நம்ம அம்மைக்கு வள்ளின்னு பேர் வந்துச்சுன்னு கந்தபுராணக் கதை சொல்லும். படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா இதைக் கேட்டுட்டு யாரும் வள்ளிக்கிழங்கை வேகவெச்சுச் சாப்பிட்டா டேட் தள்ளிப்போகும்னு ஃபார்வர்டு போட்டுடாதீங்க. கிழங்குல இருந்த பொருளை ஆய்வகத்துல பல படி மாத்தினாதான் மருந்து. நம்ம உடம்பால அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம்.

வழக்கமா டாக்டர்கள் எழுதற முறை இது: 5 மில்லிகிராம் மாத்திரை, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. டேட் வரும்னு எதிர்பார்க்கற நாளுக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். தள்ளிப்போட வேண்டிய நாள் வரைக்கும் விடாம போடணும். நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல வந்துடும். சில டாக்டர்கள் நாளுக்கு ஒண்ணே ஒண்ணு போடற, மெதுவா கரையற வகையை எழுதுவாங்க. அதுல மில்லிகிராம் வேற இருக்கும். அதனால சிநேகிதிகிட்ட இருக்கற அட்டையைப் பாத்து "எனக்கும் மூணு வேளைதானே"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

உதாரணத்துக்கு 2026 தைப்பூசம், பிப்ரவரி 1ம் தேதி. ஒரு பொண்ணுக்குக் கடைசியா ஜனவரி 2 அன்னைக்கு ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி மூணு சுழற்சியும் 27, 29, 28 நாள். மாதவிடாய் ஆரம்பிச்ச முதல் நாளை 1ன்னு வெச்சு, அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணினா வர்றதுதான் இந்த எண். இப்போ போன்ல இருக்கற ஆப் சராசரி போட்டு ஜனவரி 30ன்னு காட்டும். ஆனா அவளோட குறைஞ்ச எண் 27. அப்போ ஜனவரி 29லயே வரலாம். நான் குறைஞ்ச எண்ணை வெச்சுத்தான் கணக்குப் போடச் சொல்வேன். 29க்கு மூணு நாள் முன்னாடின்னா ஜனவரி 26 ஆரம்பம். பூசம் முடிஞ்சு பிப்ரவரி 2 ராத்திரி வீட்டுக்கு வந்து சேர்றான்னு வெச்சா, 26ல இருந்து 2 வரைக்கும் 8 நாள், 24 மாத்திரை. பிப்ரவரி 4 அல்லது 5ல வரும். இந்தக் கணக்கை டாக்டர்கிட்ட காட்டறதுக்கு ஜனவரி முதல் பாதியிலயே போயிடணும். கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரி போய் நின்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஏன்னா லேட்டா ஆரம்பிச்சா வேலை செய்யாது. உள்ள அளவு ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சிருக்கும். வந்ததுக்கு அப்புறம் போட்டு "நிறுத்த"லாம்னு நினைக்கறது இன்னும் மோசம். சுழற்சி ஒழுங்கில்லாம ஒரு மாசம் 30, ஒரு மாசம் 45ன்னு வர்றவங்களுக்கு இந்தக் கணக்கே போட முடியாது. அவங்க டாக்டர்கிட்ட இன்னும் முன்னாடியே போகணும். எல்லாம் சரியா பண்ணினாலும் லேசா திட்டுத்திட்டா படறது சிலருக்கு வரும். நூத்துக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. பையில ரெண்டு பேடு இருக்கட்டும்.

ஒரு வேளை மறந்துட்டா, ஞாபகம் வந்தவுடனே போடுங்க. அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுட்டு அடுத்ததை மட்டும் போடுங்க. ரெண்டு சேத்துப் போட வேண்டாம்.

பக்க விளைவுன்னு பாத்தா குமட்டல், வயிறு உப்புசம், மார்பு கனம், தலைவலி, காரணமே இல்லாம எரிச்சல், அழுகை. எல்லாருக்கும் வராது. வந்தாலும் பெரும்பாலும் நிறுத்தினதும் போயிடும். "அக்கா, பின்னாடி குழந்தை பிறக்காதா?"ன்னு கேக்கறாங்க. எப்பவாவது ஒரு தடவை சில நாள் எடுக்கறதால அப்படி ஒண்ணும் ஆகறதில்லை. நிறுத்தினதும் உடம்பு தன் பழைய கணக்குக்கு வந்துடும்.

அப்போ ஆபத்து எங்க இருக்கு?

இங்க இருக்கு. நோரெதிஸ்டிரோன்ல ஒரு சின்னப் பகுதி உடம்புக்குள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால்ங்கற ஈஸ்ட்ரோஜனா மாறுது. நாளுக்கு 15 மில்லிகிராம் எடுக்கும்போது அப்படி மாறற அளவு, ஒரு சாதாரண கருத்தடை மாத்திரையில இருக்கற ஈஸ்ட்ரோஜனுக்குப் பக்கத்துல வருது. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தோட உறையற தன்மையைக் கொஞ்சம் கூட்டும். ஆரோக்கியமான 22 வயசு பொண்ணுக்கு ஒரு வாரத்துக்கு இது ரொம்பச் சின்ன ஆபத்துதான், அதை மறைச்சுப் பயமுறுத்த நான் விரும்பலை. ஆனா ஏற்கெனவே உறையற தன்மை இருக்கற உடம்புக்கு அதே மாத்திரை வேற மாதிரி. கால் நரம்புல கட்டி உறைஞ்ச ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து.

அதனால டாக்டர் கேக்கலேன்னாலும் நீங்களா சொல்ல வேண்டியதுன்னு சில விஷயம் இருக்கு. உங்களுக்கோ, அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கோ கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டினதுண்டா, பக்கவாதம், மாரடைப்பு வந்ததுண்டா. ஒற்றைத் தலைவலி உண்டா, அது வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் கோடு, பூச்சி பறக்கற மாதிரி தெரியுமா. ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் கோளாறு, மஞ்சள் காமாலை, மார்புல கட்டி. காரணம் கண்டுபிடிக்காத நடுநடு ரத்தப்போக்கு. உடல் எடை அதிகம். புகைப் பழக்கம் (ஆமாம், இதையும் சொல்லணும், டாக்டர் உங்க அம்மாகிட்ட சொல்லப் போறதில்லை). சமீபத்துல ஆபரேஷன், மாவுக்கட்டு, படுத்த படுக்கை. கைக்குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களா. இதுல சிலதுக்கு டாக்டர் "வேண்டாம்"னு சொல்லிடுவாங்க. சிலதுக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன்னு வேற மாத்திரை எழுதுவாங்க, அது இப்படி ஈஸ்ட்ரோஜனா மாறறதில்லை. அந்த முடிவு மெடிக்கல் கவுன்டர்ல எடுக்கற முடிவு இல்லை. சட்டப்படியும் இது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாம விக்கக் கூடாது.

வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னும் சொல்லுங்க. டிபிக்குக் குடுக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்கற ஃபெனிடாயின், கார்பமாசெபின் எல்லாம் இந்த ஹார்மோனை உடம்புல சீக்கிரம் கரைச்சுடும். மாத்திரை போட்டும் டேட் வந்துடும்.

இப்போ சஷ்டி விரதம் இருக்கற கல்யாணமான அக்காக்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இதை நிதானமா படிங்க. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்னு நம்பி, குழந்தை வரம் வேண்டித்தான் பாதிப் பேர் கந்த சஷ்டி விரதமே இருக்கறோம். அதே ஆறு நாளுக்காகத் தள்ளிப்போடற மாத்திரையும் எடுக்கறோம். யோசிச்சுப் பாருங்க. குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டிருக்கற ஒருத்தருக்கு அந்த மாசமே கரு தங்கியிருக்கலாம். டேட்டுக்கு மூணு நாள் முன்னாடி அது வெளியே தெரியாது. சிறுநீர் அட்டையில பாத்தாகூட அவ்வளவு சீக்கிரம் காட்டாம போகலாம். கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா இந்த மருந்து எடுக்கக் கூடாதுங்கறதுதான் விதி. இன்னொரு சிக்கலும் இருக்கு. மாத்திரை போட்டதால நாள் தள்ளிப்போச்சா, நிஜமாவே "நாள் தள்ளிப்போச்சா"ன்னு உங்களுக்கே தெரியாது. முருகன்கிட்ட எதைக் கேட்டு விரதம் இருக்கறோமோ, அது வந்திருக்கறதே தெரியாம போயிடும்.

அதனால முயற்சியில இருக்கறவங்க அந்த மாசம் மாத்திரையை விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். குழந்தைக்காக ஏற்கெனவே சிகிச்சை எடுக்கறவங்க உங்க டாக்டரைக் கேக்காம ஒரு மாத்திரைகூட சேக்கவோ விடவோ கூடாது. தெரியாம போட்டுட்டு அப்புறம் கர்ப்பம்னு தெரிய வந்தா பதறாதீங்க. உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாத்து எத்தனை மாத்திரை, எந்த நாள்ல இருந்துன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, இந்த மாத்திரையை இப்படிச் சில நாள் போடறது கருத்தடை ஆகாது. "போட்டுட்டுத்தானே இருக்கேன்"னு நம்பிட வேண்டாம்.

அடுத்தது பாதயாத்திரை. மூணு நாள், நாலு நாள், ஒரு வாரம் நடக்கறோம். கால் வலிக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் வலிக்கும். பிரச்சினையே அதுதான், எந்த வலி நடந்த வலி, எந்த வலி ரத்தம் கட்டின வலின்னு குழம்பிடும். நடந்த வலி பெரும்பாலும் ரெண்டு கால்லயும் இருக்கும். கால் நீட்டிப் படுத்து எண்ணெய் தேய்ச்சுக் காலையில எழுந்தா குறைஞ்சிருக்கும். ரத்தம் கட்டினது பெரும்பாலும் ஒரு கால்ல மட்டும். அந்தக் கெண்டைச்சதை இன்னொண்ணைவிட வீங்கியிருக்கும், தொட்டா சூடா இருக்கும், நிறம் மாறியிருக்கும், படுத்து எழுந்தாலும் குறையாது. அப்படி இருந்தா அமுக்கி விடாதீங்க, "அரோகரா சொல்லிட்டு நட, சரியாயிடும்"னு யாரும் இழுத்துட்டுப் போகாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு மூச்சு வாங்கறது, மூச்சை இழுத்தா நெஞ்சு குத்தறது, இருமல்ல ரத்தம், இதுவரைக்கும் வராத கடுமையான தலைவலி, பார்வை மங்கறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது, இதுல எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு 108. கூட இருக்கறவங்க மருத்துவர்கிட்ட "இவங்க ஹார்மோன் மாத்திரை எடுத்துட்டிருக்காங்க"ன்னு முதல் வாக்கியமா சொல்லணும். அதனாலதான் மாத்திரை எடுக்கற விஷயம் குழுவுல நம்பிக்கையான ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

நடந்து முடிச்சுட்டுத் திரும்பற பஸ்ஸும் கவனிக்க வேண்டியதுதான். உடம்பு அசந்து போய் எட்டு மணி நேரம் கால் மடக்கித் தூங்கிடுவோம். நடுவுல இறங்குங்க, நாலடி நடங்க, தண்ணி குடிங்க. வழியில பாத்ரூம் இல்லைன்னு நம்ம பொண்ணுங்க தண்ணியே குடிக்காம வர்றது எனக்கு நல்லாவே தெரியும். உடம்புல தண்ணி வத்தினாலும் ரத்தம் உறையற வாய்ப்பு கூடும். மாத்திரை எடுக்கற வாரத்துல அது வேண்டவே வேண்டாம்.

விரதத்துக்கும் இதே பேச்சுதான். பால் பழம் மட்டும், ஒருவேளை சாப்பாடு, இளநீர் விரதம், மிளகு விரதம்னு அவங்கவங்க குடும்ப வழக்கம். மாத்திரையைச் சாப்பாட்டோடதான் போடணும்னு கட்டாயம் இல்லை, ஆனா வெறும் வயித்துல குமட்டல் ஜாஸ்தியாகும். போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி எடுத்தா மருந்து உள்ளே போகாம வீணாயிடும். மிளகும் தண்ணியும் மட்டும்னு கடுமையா இருக்கறவங்க, தண்ணிகூட குடிக்காம இருக்கறவங்க, இந்த மாத்திரையையும் சேத்து எடுக்க வேண்டாம். ரெண்டுல ஒண்ணுதான். இது என் அபிப்பிராயம், டாக்டரைக் கேட்டாலும் இதுக்குப் பக்கத்துலதான் சொல்வாங்கன்னு நினைக்கறேன்.

48 நாள் மாலை போடறவங்க சிலர் "முழு 48 நாளும் போட்டுடலாமா"ன்னு கேக்கறாங்க. கூடாது. தள்ளிப்போடறதுக்குன்னு குடுக்கறது சில நாளுக்கு, அதிகம் போனா ரெண்டு வாரத்துக்கு. எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி நோய்க்கு மாசக்கணக்குல இதே மருந்து குடுக்கறது உண்டு, அது டாக்டர் கண்காணிப்புல நடக்கற சிகிச்சை. வேற கணக்கு. அதே மாதிரி தைக்கு ஒண்ணு, பங்குனி உத்திரத்துக்கு ஒண்ணு, வைகாசி விசாகத்துக்கு ஒண்ணு, நடுவுல அண்ணன் கல்யாணத்துக்கு ஒண்ணுன்னு வருஷம் பூரா தள்ளிட்டே இருக்கறதும் சரியில்லை. அப்படித் தேவைப்படுதுன்னா அதை டாக்டர்கிட்ட சொல்லி அதுக்குன்னு ஒரு வழி கேளுங்க.

பிசிஓஎஸ்ஸுக்காகவோ வேற காரணத்துக்காகவோ ஏற்கெனவே கூட்டுக் கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களுக்குத் தனி மாத்திரையே தேவைப்படாது. மாலா டி அட்டையைப் பாத்தீங்கன்னா 28 மாத்திரையில 21தான் ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த 7 நாள்லதான் உதிரப்போக்கு வரும். அந்த ஏழை விட்டுட்டு அடுத்த அட்டையோட ஹார்மோன் மாத்திரையை நேரா ஆரம்பிச்சா வராது. எல்லா பிராண்டும் ஒரே மாதிரி இல்லைங்கறதால, உங்களுக்கு எழுதின டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுச் செய்யுங்க. ஐ பில் மாதிரி அவசர மாத்திரையை இதுக்குப் போடறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. அது வேற வேலைக்கு. போட்டா டேட் முன்னாடியும் வரலாம், பின்னாடியும் வரலாம், கணக்கே போயிடும்.

பொட்டுக்கடலையை வெறும் வயித்துல மென்னா தள்ளிப்போகும், எலுமிச்சம்பழச் சாறு, வினிகர் குடிச்சா தள்ளிப்போகும்னு வர்ற ஃபார்வர்டு எதுக்கும் ஆதாரம் கிடையாது. பொட்டுக்கடலை சாப்பிட்டா பசி அடங்கும். வினிகர் குடிச்சா நெஞ்சு எரியும்.

எங்க போய்க் கேக்கறது? கல்யாணம் ஆகாத பொண்ணு லேடி டாக்டர்கிட்ட போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு நிறைய வீட்டுல இன்னும் தயக்கம். அரசு ஆஸ்பத்திரியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா கேக்கலாம். அதுவும் முடியலேன்னா மத்திய அரசோட இ-சஞ்சீவனியில வீட்டுல இருந்தே டாக்டர்கிட்ட பேசலாம். முடிஞ்சா நேர்ல போங்க, ஏன்னா ரத்த அழுத்தம் பாக்கணும். போறதுக்கு முன்னாடி கடைசி மூணு மாச தேதி, மேலே சொன்ன குடும்ப வியாதி, எடுத்துட்டிருக்கற மாத்திரை எல்லாத்தையும் போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. அங்க போனா பாதி மறந்துடும்.

கடைசியா, எல்லாரும் கேக்கத் தயங்கற கேள்வி. டாக்டர் "உனக்கு இது வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டா? விரதம் பாதியில போயிடுமா? முருகன் கோவிச்சுப்பாரா?

வீட்டு விலக்கு நாள்ல கோவிலுக்குப் போகலாமா கூடாதாங்கற வாதத்துக்கு நான் வரலை. அது அவங்கவங்க வீட்டு வழக்கம், அவங்கவங்க மனசு. ஆனா நம்ம ஊர்லயே வழக்கம் ஒண்ணா இல்லைங்கறதைக் கவனிங்க. மேல்மருவத்தூர்ல அந்த நாள்லயும் பெண்கள் கருவறை வரைக்கும் போறாங்க. கேரளாவுல செங்கன்னூர் கோவில்ல அம்பாளுக்கே திருப்பூத்துன்னு விழா எடுக்கறாங்க. உங்க வீட்டுல போகக் கூடாதுன்னா வீட்டுல உக்காந்து மனசுக்குள்ள ஆறெழுத்தைச் சொல்றதுக்கு யார் தடை? என் பாட்டி அந்த நாள்கள்ல கொல்லைப்புறத் திண்ணையில உக்காந்துட்டு, பூஜையறையில தாத்தா ஏத்தற விளக்கைத் தூரத்துல இருந்தே பாத்துட்டு விரதத்தை முடிப்பாங்க. அதைப் பாதி விரதம்னு யாரும் சொன்னதில்லை.

தேதி போனாலும் தேதி வரும். சஷ்டி மாசா மாசம் வருது, கிருத்திகை மாசா மாசம் வருது. பூசத்துக்குப் போக முடியாத வருஷம் மாசிக் கிருத்திகைக்குப் பழநி போய்ப் பாருங்க. கூட்டம் குறைவா இருந்தா ராஜ அலங்காரத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கவாவது முடியும்.

மாத்திரை எடுத்து முடிச்சவங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. நிறுத்தின தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ரெண்டு மூணு நாள்ல வரணும். சிலருக்கு இன்னும் ஓரிரு நாள் ஆகும், சிலருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா போகும். அடுத்த சுழற்சியை இந்தப் புது முதல் நாள்ல இருந்து எண்ணுங்க, பழைய தேதியை ஆப்ல விட்டுடாதீங்க. ஒரு வாரம் ஆகியும் வரலேன்னா, கல்யாணமானவங்க முதல்ல கர்ப்பப் பரிசோதனை பண்ணிட்டு டாக்டர்கிட்ட போங்க, மத்தவங்களும் போய்க் காட்டுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையற அளவுக்குப் போனா வாரம் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே போங்க. மிச்சம் இருக்கற மாத்திரையை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் குடுக்காதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.